முகப்படத்தில் கண்ணுக்குக் கீழே விழும் நிழலை எப்படிச் சரிசெய்வது?

கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுகிறது, அதை எடிட் செய்து நீக்கினால் முகம் பொம்மைபோல் ஆகிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் தொடங்குவது தலைக்கு மேலே எரியும் விளக்கில். முதலில் அதை அணைத்துவிடுங்கள். பல்பின் மஞ்சள் ஒளி (ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் அலகில் சுமார் 3000) பகல் வெளிச்சத்தோடு (சுமார் 5500) கலந்தால் தோலின் நிறமும் கெடும்.

நேர் வெயில் படாத ஜன்னலுக்கு அருகே, முகம் ஜன்னலை நோக்கிச் சுமார் 45 டிகிரி திரும்பியிருக்கும்படி உட்கார வையுங்கள். ஜன்னலை நெருங்க நெருங்க, முகத்துக்கு அது பெரிய ஒளிமூலமாகிறது. நிழலின் விளிம்பு மென்மையாகும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் நிழலின் கருமை குறையும். முழுவதும் போக்கிவிடாதீர்கள், முகத்துக்கு வடிவம் தருவதே அந்த நிழல்தான். கண்மணியில் ஜன்னலின் வெண்புள்ளி தெரிகிறதா என்றும் பாருங்கள். தெரியாவிட்டால் தாடையைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். அந்தப் புள்ளி இல்லாத கண்ணில் உயிர் இருக்காது.

திருத்தும்போது, ஒரு வாரத்தில் தானே மறையும் பருவை நீக்கலாம். மச்சமும் தழும்பும் அவருடையவை, கேட்காமல் தொடக்கூடாது. கண்ணுக்குக் கீழுள்ள நிழலைத் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கில்) திருத்தி, அந்த லேயரின் ஒபாசிட்டியை, அதாவது திருத்தம் எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்ற அளவை, 40 சதவீதத்துக்குக் குறையுங்கள். தோலை வழவழப்பாக்கும் ஃபில்டர் வேண்டவே வேண்டாம். அது நுண்துளைகளை அழிக்கிறது. பொம்மை முகம் அங்கிருந்துதான் வருகிறது.