பலகாரம் சுட்ட எண்ணெயைத் திரும்பப் பயன்படுத்தலாமா? எத்தனை தடவை?

பயன்படுத்தலாம். ஆனால் எங்கள் வீட்டில் வெகுநாள் செய்ததுபோல வேண்டாம்.

அம்மா அடுப்பு மேடை ஓரத்தில் ஒரு எவர்சில்வர் தூக்கு வைத்திருந்தார். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் அதற்குள் போகும். கார்த்திகைக்கு அப்பம் சுட அதே எண்ணெய்தான். குறைந்தால் மேலே புதுக் கடலை எண்ணெய் ஊற்றிக்கொள்வார். பொங்கல் வரை தூக்கு காலியாகாது. ஒரு தடவை அதைக் கழுவும் வேலை என்னிடம் வந்தது. விளிம்பைச் சுற்றி மஞ்சளாகப் பிசின் மாதிரி ஏதோ படிந்திருந்தது. சபீனா போட்டுத் தேய்த்தும் அசையவில்லை, சுரண்டினால் நகத்தில் ஒட்டிக்கொண்டது. அது அழுக்கில்லை, எண்ணெய்தான். திரும்பத் திரும்பச் சூடாகும்போது எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து அப்படி இறுகிவிடும். அதைத்தான் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

காய்ந்த எண்ணெயில் மாவு விழுந்ததும் சடசடவென்று பொங்குகிறதே, அது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகிற சத்தம். அந்தத் தண்ணீர், சூடு, மேலே படும் காற்று மூன்றும் சேர்ந்து எண்ணெயைக் கெடுக்கின்றன. அப்படி உண்டாகும் கழிவுகளுக்குத் துருவச் சேர்மங்கள் என்று பெயர். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த விதி 2018 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. கூடியவரை ஒரே தடவையோடு நிறுத்துங்கள், முடியாவிட்டால் அதிகபட்சம் மூன்று தடவை என்பதும் அவர்கள் சொல்வதுதான். என்னைக் கேட்டால் வெறும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். நாலு அப்பளம் பொரித்த எண்ணெயும், மசாலா தடவிய மீனை அரை மணி நேரம் வறுத்த எண்ணெயும் ஒன்றாகிவிடாது.

நிறம் கறுத்து, கையில் பிசுபிசுத்து, சிக்கு வாடை அடித்தால் யோசிக்கவே வேண்டாம், கொட்டிவிடுங்கள். காய வைத்ததும் நுரைத்தாலும், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தாலும் அப்படித்தான். அதற்காகத் தெளிவாக இருப்பதெல்லாம் நல்ல எண்ணெய் என்று நினைத்துவிடாதீர்கள். வடிகட்டினால் கருகிய மாவுத்துணுக்குதான் போகும், எண்ணெயில் கரைந்திருப்பது அப்படியேதான் இருக்கும்.

நான் செய்வது இதுதான். ஆறியதும் துணியில் வடிகட்டி மூடி வைப்பேன். ரெண்டு நாளுக்குள் தாளிக்கவும் குழம்புக்கும் தீர்த்துவிடுவேன். அதை மறுபடி காய வைத்துப் பொரிப்பதில்லை. முக்கியமாக, புது எண்ணெயோடு கலப்பதே இல்லை. அம்மா செய்ததில் பெரிய தவறு அதுதான், பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

அப்புறம், வீணான எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் படிந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் சேர்த்து வையுங்கள். இப்படிப்பட்ட எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்கும் திட்டம் 2018-லிருந்து நாட்டில் இருக்கிறது. உங்கள் ஊரில் சேகரிக்கிறவர்கள் இருந்தால் கொடுத்துவிடலாம்.

“அவ்வளவு எண்ணெயைக் கீழே கொட்டச் சொல்றியா?” என்று அம்மா கேட்டார். எண்ணெய் விற்கிற விலைக்கு அந்தக் கேள்வி நியாயம்தான். அதனால் போன தீபாவளிக்குப் பெரிய இருப்புச்சட்டியை இறக்கவே இல்லை. சின்ன வாணலியில் அரை லிட்டர் ஊற்றி, ஈட்டுக்கு ரெண்டு முறுக்காகச் சுட்டோம். நேரம் கூடத்தான் ஆனது. கடைசியில் மிஞ்சியது ஒரு டம்ளர் எண்ணெய், மறுநாள் வத்தக்குழம்போடு அது தீர்ந்துவிட்டது.