ஈசிஜி நார்மல், ஆனா அப்பாவுக்கு 51ல ஹார்ட் அட்டாக்: எனக்கும் வருமா?

கேள்வி: டாக்டர், எனக்கு 42 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனில சூப்பர்வைசரா இருக்கேன். அப்பா 51 வயசுல ஹார்ட் அட்டாக்ல தவறிட்டார். போன மாசம் செக்கப் பண்ணேன், ஈசிஜி, எக்கோ ரெண்டும் நார்மல். பிரஷர் 144/92, கெட்ட கொலஸ்ட்ரால் (எல்டிஎல்) 152, மூணு மாச சுகர் 6.1. பேண்ட் சைஸ் 34தான். முன்னாடி ஒரு பாக்கெட் சிகரெட், இப்போ நாளைக்கு ரெண்டு. அப்பா மாதிரி எனக்கும் ஆயிடுமா?

பதில்: தம்பி, பயத்தை மறைக்காம எல்லா நம்பரையும் எழுதி அனுப்பினீங்க பாருங்க, அதுவே பெரிய விஷயம். ஆனா ஈசிஜி நார்மல்ங்கிறத வெச்சு நிம்மதியாகிடாதீங்க. ஈசிஜி அந்த நிமிஷத்துல இதயம் எப்படி இருக்குனு மட்டும்தான் காட்டும், ரத்தக்குழாய்க்குள்ள கொழுப்பு எவ்வளவு படிஞ்சிருக்குனு அதுக்கு தெரியாது. 30, 40 சதவீத அடைப்பு இருந்தா ட்ரெட்மில் டெஸ்ட்ல கூட ஒண்ணும் தெரியாம போகலாம். ஆனா அந்த சின்ன படிவு திடீர்னு வெடிச்சு, மேல ரத்தம் உறைஞ்சு குழாய அடைச்சா அதுதான் அட்டாக். "போன வாரம்தான் ஈசிஜி எடுத்தாரு, நல்லாத்தான் இருந்துச்சு"னு வீட்ல அழறத நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன்.

அப்பா விஷயம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ 55க்கு முன்னாடி, அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ 65க்கு முன்னாடி வந்திருந்தா அத பரம்பரை ஆபத்துனு நாங்க எடுத்துக்குவோம், உங்களுக்கு அது இருக்கு. ஆனா 2004ல 52 நாட்டுல நடத்தின இன்டர்ஹார்ட் ஆய்வு வந்துச்சு, அதுல முதல் அட்டாக் ஆபத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் ஒம்போது காரணத்துக்குள்ள அடங்கிடுச்சு, அதுல முக்கியமானது: புகை, கொலஸ்ட்ரால், பிரஷர், சுகர், தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் சாப்பிடாதது, நடக்காதது. இதெல்லாமே நம்மால குறைக்க முடிஞ்சது. ஆனா நம்ம தெற்காசிய மக்களுக்கு மத்தவங்கள விட அஞ்சு ஆறு வருஷம் முன்னாடியே அட்டாக் வருதுன்னும் அதே ஆய்வு சொன்னதால 42 வயசுங்கிறது சீக்கிரம் இல்ல.

சிகரெட்தான் எனக்கு பெரிய கவலை. ஒரு பாக்கெட்ல இருந்து ரெண்டுக்கு வந்தது லேசுப்பட்ட காரியம் இல்ல, உண்மையாவே பாராட்டறேன். ஆனா 20ல இருந்து 2க்கு வந்தா ஆபத்தும் பத்துல ஒண்ணாகிடும்னு நினைச்சீங்கன்னா, இதயத்துக்கு அந்த கணக்கு செல்லாது. நாளைக்கு ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும், 20 பிடிக்கிறவருக்கு வர்ற கூடுதல் ஆபத்துல பாதி கிட்ட வந்துடுது. அந்த ரெண்டையும் விட்டீங்கன்னா ஒரு வருஷத்துல கூடுதல் ஆபத்து பாதியா இறங்கும். டீக்கடைல டீயோட பிடிக்கிற பழக்கம்னா கொஞ்ச நாளைக்கு அந்த டீய வேற இடத்துல குடிங்க. 1800 112 356 இலவச நம்பர், விட நினைக்கிறவங்களுக்கு பேசி உதவுவாங்க.

பேண்ட் சைஸ் கணக்குல வராது. நாம பேண்ட்ட தொப்பைக்கு கீழ கட்டறோம். டேப்ப தொப்புள் மட்டத்துல சுத்தி, வயித்த உள்ள இழுக்காம மூச்ச விட்டுட்டு பாருங்க. ஆம்பளைக்கு 90, பொம்பளைக்கு 80 செ.மீ. தாண்டக்கூடாது.

பிரஷர ஒரு தடவ பாத்து முடிவு பண்ண வேண்டாம். வீட்ல ஏழு நாள், காலைல சாயங்காலம், டீ சிகரெட் இல்லாம அஞ்சு நிமிஷம் சாஞ்சு உக்காந்துட்டு ரெண்டு ரெண்டு தடவ எடுத்து எழுதுங்க. சராசரி 135/85க்கு மேல இருந்தா அது பிரஷர்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் இதுலதான் உப்பு ஒளிஞ்சிருக்கு. சுகர் 6.1னா சர்க்கரை நோய்க்கு முந்தின கட்டம், சாதத்த குறைச்சு பொரியல கூட்டுங்க, தினம் அரை மணி நேரம் வேகமா நடங்க, இப்பவும் திரும்பி வர முடியும்.

152 எல்டிஎல்ல சாப்பாட்டால மட்டும் போதுமான அளவு இறக்கறது கஷ்டம், அதனால கொலஸ்ட்ரால குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை பத்தி உங்க டாக்டர்கிட்ட நேராவே கேளுங்க. "ஆரம்பிச்சா நிறுத்த முடியாது"னு பயந்து தள்ளிப்போடாதீங்க, எல்டிஎல் 40 குறைஞ்சா அட்டாக், பக்கவாத ஆபத்து அஞ்சுல ஒரு பங்கு குறையுது. லைப்போபுரோட்டீன் ஏ டெஸ்ட்டும் ஒரே ஒரு தடவ எடுங்க, பரம்பரையா வர்ற கொழுப்பு அது, சாதாரண லிபிட் டெஸ்ட்ல தெரியாது. ஆஸ்பிரின மட்டும் நீங்களா தினம் போட ஆரம்பிச்சுடாதீங்க, வயித்துல ரத்தக்கசிவு வரலாம்.

மாடிப்படி ஏறும்போது நெஞ்சு இறுக்கமாகி நின்னா சரியாகுதுன்னா உடனே டாக்டர பாருங்க. சும்மா இருக்கும்போதே நெஞ்சுல பாரம், வேர்வை, தாடை இல்ல இடது கைல வலினு வந்தா கேஸ்னு சோடா குடிச்சுட்டு உக்காராம 108க்கு கூப்பிடுங்க, நீங்களே வண்டிய எடுத்துட்டு போகாதீங்க. கூடப்பிறந்தவங்க இருந்தா அவங்களையும் இந்த மாசமே பிரஷர், சுகர், கொலஸ்ட்ரால் பாக்க சொல்லுங்க, அவங்களுக்கும் அதே அப்பாதானே.