பேசிய ரேட் குறைவு, வேலையை எங்கே குறைப்பது?

கேள்வி: ஐயா, பல வருடம் கொத்தனாராக இருந்துவிட்டு இப்போது சின்ன வீடுகளை மெட்டீரியலோடு காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். மதுரைக்குப் பக்கத்தில் 800 சதுர அடி வீடு ஒன்று நடக்கிறது. வீட்டுக்காரர் பேரம் பேசிப் பேசி, நான் சொன்ன ரேட்டில் சதுர அடிக்கு 150 ரூபாய் குறைத்துவிட்டார். கையில் வேறு வேலை இல்லாததால் ஒத்துக்கொண்டேன். இப்போது சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னல்களின் தலைமட்டத்துக்கு வந்துவிட்டது, கம்பி விலையும் ஏறிவிட்டது. “அவர் கொடுக்கிற காசுக்கு ஏத்த வேலை செஞ்சா போதும், கூரைத் தளத்துல சிமெண்டைக் கொஞ்சம் குறை” என்கிறார்கள் கூட இருப்பவர்கள். ஏமாற்ற மனமில்லை. நட்டப்படவும் வசதியில்லை. என்ன செய்வது?

பதில்: தளத்தில் கை வைக்காதீர்கள். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் விட்டுக்கொடுத்தது 800 சதுர அடிக்கு 150 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாய். தளம் ஐந்து அங்குல (125 மில்லிமீட்டர்) கனம் என்றால், பீமைச் சேர்க்காமல் சுமார் 9.3 கன மீட்டர் கான்கிரீட் பிடிக்கும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஒன்றரைக்கு ஜல்லி மூன்று என்ற கலவையில் கன மீட்டருக்கு எட்டு மூட்டை சிமெண்ட், ஆக 75 மூட்டை. அதையே ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்று இறக்கினால் 59 மூட்டை. மிச்சம் 16 மூட்டை. மூட்டை 350 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 5,600 ரூபாய்தான். ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்ப் பள்ளத்தை இந்தப் பணம் எந்த மூலைக்கு நிரப்பும்?

அந்த 5,600 ரூபாய்க்காக நீங்கள் கொடுப்பது என்ன தெரியுமா? கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம் 20 என்ற பலத் தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று கலவை அந்தத் தரம், ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்பது அதற்குக் கீழே எம் 15. அதாவது கம்பி கட்டிய தளத்துக்கு ஆகவே ஆகாத கலவை. பூச்சு பூசி வெள்ளை அடித்த பிறகு எந்த வீட்டுக்காரராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவர் உங்களை நம்பித்தான் ஆக வேண்டும். அவரால் பார்த்துச் சரிபார்க்க முடியாத இடத்தில் முழு வேலை கொடுப்பதுதான் வாங்கும் காசுக்கு நியாயம் என்று நான் நினைக்கிறேன். பார்வைக்குத் தெரிகிற இடத்தில் அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி சரி. காசுக்கு ஏற்ற வேலை என்று ஒன்று உண்டு. ஆனால் அது வீட்டுக்காரருக்குத் தெரிந்து குறைக்கிற வேலையாக இருக்க வேண்டும். ரேட்டைக் குறைக்கும்போதே, “சரி, அப்படியானால் இதில் இதில் குறைத்துக்கொள்வோம்” என்று பேசியிருந்தால் பிரச்சினையே இல்லை. இப்போதும் காலம் கடந்துவிடவில்லை. டைல்ஸ், முன்பக்க எலிவேஷன் அலங்கார வேலை, பரண், அலமாரி, குளியலறைச் சுவர் டைல்ஸின் உயரம், பட்டி, பெயிண்டின் ரகம், ஸ்விட்ச் பாயிண்டுகளின் எண்ணிக்கை எல்லாம் இன்னும் பாக்கி இருக்கின்றன. தரை டைல்ஸில் மட்டும் சதுர அடிக்கு 20 ரூபாய் குறைந்த ரகத்துக்கு அவர் சம்மதித்தால், 650 சதுர அடிக்கு 13,000 ரூபாய் வருகிறது. தளத்தில் திருடிக் கிடைப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். வீட்டுக்கு ஒரு கெடுதலும் இல்லை. பத்து வருடம் கழித்து வசதி வந்தால் டைல்ஸை மாற்றிக்கொள்ளலாம். தளத்தை யார் மாற்றுவது?

அடுத்து, உங்கள் கைத்திறமையிலேயே பணம் இருக்கிறது. இதைப் பெரும்பாலான மேஸ்திரிகள் கணக்கில் எடுப்பதில்லை. செங்கல் கட்டு நேராக இருந்தால் உள்பூச்சு 12 மில்லிமீட்டரில் முடியும். சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காமல் நெளிந்திருந்தால், அதை மட்டப்படுத்த 20 மில்லிமீட்டர் வரைக்கும் கலவையை அப்ப வேண்டியிருக்கும். உள்சுவர் பூச்சு 2,500 சதுர அடி என்று வையுங்கள். இந்த 8 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஐந்து கலவையில், பதினொன்று பன்னிரண்டு மூட்டை சிமெண்டும் முக்கால் யூனிட்டுக்கு (யூனிட் என்றால் நூறு கன அடி) கொஞ்சம் குறைவாகப் பூச்சுக்கான பி சாண்ட் மணலும் போகும். தளத்தில் குறைக்கச் சொன்ன 16 மூட்டைக்குக் கிட்டத்தட்ட ஈடான பணம் இது. கூலி மிச்சம் வேறு. லிண்டலுக்கு மேலே இன்னும் கட்டு பாக்கி இருக்கிறதல்லவா? வரிக்கு வரி நூல் பிடித்து, மூலைக்கு மூலை தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள்.

கம்பியிலும் அப்படித்தான். 40 அடிக் கம்பியை வந்தபடி வெட்டினால் துண்டு துண்டாக மூலையில் குவியும். தளத்துக்கும் பீமுக்கும் என்னென்ன நீளம் வேண்டும் என்று முதல் நாள் இரவே நோட்டில் எழுதி, ஒரு கம்பியில் எது எது சேரும் என்று பார்த்து வெட்டச் சொல்லுங்கள். பழைய இரும்புக்கடைக்குப் போகிற துண்டுகள் குறையும். விலை ஏறியிருக்கும்போது இது சின்னக் காசில்லை.

தளம் போடும் நாளில் காசே செலவில்லாமல் தரம் கெடுகிற இடம் தண்ணீர். கலவை இறுகலாக இருந்தால் தள்ளுவதற்குக் கஷ்டம் என்று மிக்ஸரில் நிற்பவர் ஒரு குடம் சேர்த்து ஊற்றிவிடுவார். எம் 20 கலவைக்கு மூட்டைக்கு 30 லிட்டர்தான் உச்சம், மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். அளவு வாளி ஒன்றை மிக்ஸர் பக்கத்தில் வைத்து, அதைத் தவிர வேறு எதிலும் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கம்பி பலகையில் படாமல் தூக்கி நிறுத்த, அதன் அடியில் கவர் பிளாக் என்னும் 20 மில்லிமீட்டர் வில்லை வையுங்கள். ஜல்லித் துண்டை முட்டுக் கொடுத்தால் ஆள் மிதிக்கும்போது நழுவிக் கம்பி பலகையில் படுத்துவிடும். அப்புறம் ஈரம் ஏறித் துருப்பிடித்துப் பருத்து, கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து விழும். பழைய வீடுகளில் கட்டிலுக்கு மேலே கம்பி தெரிகிறதே, பல இடங்களில் அதன் ஆரம்பம் இந்த முக்கால் அங்குலக் கதைதான்.

தண்ணீர் கட்டுவதிலும் ஆள் கூலியை மிச்சம் பிடிக்க நினைப்பார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டி நிறுத்துங்கள், தூண்களுக்குச் சாக்கு சுற்றி நனையுங்கள். அந்த வேலையை ஒருவர் பொறுப்பில் விட்டு, அதற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். “சும்மா இருக்கும்போது ஊத்திக்கோ” என்று பொதுவாகச் சொன்ன வேலையை யாரும் செய்வதில்லை.

கூலி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். நட்டத்தைச் சித்தாள் தலையிலும் கொத்தனார் தலையிலும் இறக்கிவிடலாம் என்ற யோசனை வந்தால் உடனே விட்டுவிடுங்கள். பேரம் பேசியது நீங்களும் வீட்டுக்காரரும். காலையில் வந்து கலவைப் பாண்டு சுமக்கும் பெண்ணுக்கும் அந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை. இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. நல்ல கை உள்ளவர்களும் கூலி குறைந்தால் அடுத்த சைட்டுக்குப் போய்விடுவார்கள்.

உங்கள் நேரமும் அவர் கொடுத்த காசில் அடக்கம். நட்டத்தை ஈடுகட்ட இரண்டாவது சைட் எடுக்கத் தோன்றும். எடுங்கள், தவறில்லை. ஆனால் கம்பி கட்டி முடிக்கிற அன்றும் தளம் போடுகிற அன்றும் இங்கே காலையிலிருந்து கடைசிப் பாண்டு வரை நீங்கள் நிற்க வேண்டும். டன் கணக்கில் கூலி பேசிக் கம்பி கட்டுபவர், பீம், தூண் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனையை 135 டிகிரிக்கு மடக்காமல் 90 டிகிரியில் விட்டுவிட்டுப் போனால், கேட்பதற்கு வேறு யாரும் இல்லை.

“ரேட்டே கட்டுப்படியாகாதபோது பேசியது எப்படிச் செல்லும்?” என்று உங்களுக்குத் தோன்றலாம். சட்டப்படி செல்லும். மனமொத்துப் பேசிய ஒப்பந்தம் தொகை குறைவு என்ற ஒரே காரணத்தால் செல்லாததாகிவிடாது என்று 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு விளக்கமே சொல்கிறது. வீடு கட்டித் தருவது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. தரக்குறைவு என்று வீட்டுக்காரர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால், “குறைந்த ரேட்டுக்குத்தான் ஒத்துக்கொண்டேன்” என்ற பதில் உங்களைக் காப்பாற்றாது.

அதே நேரம், நியாயமான வேலை என்பது கேட்டதையெல்லாம் இலவசமாகச் செய்வதல்ல. “அப்படியே அந்தப் பக்கம் ஒரு சின்னத் திண்ணை போட்டுடுங்க” என்பார்கள். போடலாம். அன்றைக்கே நோட்டில் எழுதி, தொகையைப் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அனுப்பிச் ‘சரி’ வாங்குங்கள். பில் கொடுக்கும் நாளில் சொன்னால் சண்டைதான் மிஞ்சும். பாதிப் பேருடைய நட்டம் பேரத்தில் வந்தது கிடையாது. வாய் வார்த்தையாக ஏற்றுக்கொண்ட எக்ஸ்ட்ரா வேலைகளில் வந்தது. உங்கள் வீட்டிலும் லிண்டல் வரைக்கும் அப்படி ஏதாவது செய்திருந்தால் உட்கார்ந்து பட்டியல் போடுங்கள்.

தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிப்பதற்கு முன்னாலேயே வீட்டுக்காரரைப் பாருங்கள். சைட்டில் நின்றபடி பேச வேண்டாம், அவர் வீட்டுக்குப் போய், வீட்டம்மாவும் இருக்கும்போது பேசுங்கள். பேசிய அன்றைய கம்பி பில்லையும் இன்றைய பில்லையும் பக்கத்தில் வையுங்கள். “ரேட்டை ஒத்துக்கொண்டது நான்தான், அதை மாற்றச் சொல்லவில்லை. கம்பியில் ஏறிய வித்தியாசத்தை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? முடியாவிட்டால் டைல்ஸிலும் எலிவேஷனிலும் இவ்வளவு குறைத்துக்கொள்வோம். தளத்திலும் தூணிலும் எதையும் குறைக்க மாட்டேன்” என்று சொல்லுங்கள். தளம் போடும்போது 15 சென்டிமீட்டர் கியூப் அச்சில் மாதிரி எடுத்து, 28 நாள் கழித்து லேபில் கொடுத்து ரிப்போர்ட் தருவதாகவும் சொல்லுங்கள். அந்தச் செலவு கொஞ்சம்தான், அவருக்கு உங்கள் பேச்சில் நம்பிக்கை வரும்.

எதற்குமே அவர் சம்மதிக்காவிட்டால், எக்ஸ்ட்ரா வேலைகளின் தொகையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மிச்ச நட்டத்தைத் தாங்கி முடித்துக் கொடுங்கள். முழுத்தொகையும் தாங்க முடியாது என்றால், தளம் போட்டு பத்து நாள் தண்ணீர் கட்டிய பிறகு, அதுவரை செய்த வேலையை இருவருமாக அளந்து கணக்கு முடித்து, சம்மதத்தோடு எழுதி வாங்கி விலகுங்கள். பாதித் தளத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.

அடுத்த வீட்டுக்குக் கொட்டேஷன் எழுதும்போது, அன்றைய சிமெண்ட் விலையையும் கம்பி விலையையும் அதிலேயே எழுதி, அதற்கு மேல் ஏறினால் வித்தியாசம் வீட்டுக்காரர் பொறுப்பு, இறங்கினால் அவருக்கே லாபம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சன்ஷேட், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் எல்லாம் சதுர அடிக் கணக்கில் வருமா தனியா என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.