மாடம்பள்ளியில் சிரிப்புக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

'சந்திரமுகி'யைப் பலமுறை பார்த்திருந்தும் அதன் மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' மலையாளப் படத்தை நான் பார்த்ததில்லை. 2024 ஆகஸ்டில் அதைப் புதுப்பித்துக் கேரளத் திரையரங்குகளில் மீண்டும் வெளியிட்டபோது எழுந்த பேச்சு மனத்தில் இருந்தது. அதில் சில காட்சிகள் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுக்கப்பட்டவை என்பதும் ஆவலைத் தூண்டியது. அண்மையில் வீட்டில் எல்லோருமாக அமர்ந்து பார்த்தோம். படம் முடிந்ததும் ஆளுக்கொரு கருத்து. முதல் ஒரு மணி நேரம் வெறும் துணுக்குத் தோரணம், அதை வெட்டியெறிந்திருந்தால் உலகத்தரமான உளவியல் படம் கிடைத்திருக்கும் என்கிறார் அண்ணன். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் தன்னால் கடைசிவரை உட்கார்ந்திருக்க முடியாது என்கிறார் அம்மா. பேயைக் காட்டுவதாக ஆசை காட்டிவிட்டுக் கடைசியில் நோய் என்று சொல்லி முடித்துவிட்டார்கள் என்பது என் மனைவியின் குறை. இவர்களில் யார் பக்கம் நியாயம் இருக்கிறது? பேய்வீட்டு நகைச்சுவைப் படங்களைப் பற்றி மட்டும் மக்கள் இவ்வளவு முரண்பட்டுப் பேசுவது ஏன்?

அன்புடன்,
ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் அம்மாவின் கருத்துக்கு நான் மிக நெருக்கமாக இருக்கிறேன். ஆனால் அவர் சொல்லும் காரணத்தை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. பயத்தைத் தாங்கிக்கொள்ள உதவும் ஆறுதலாக மட்டும் அந்தச் சிரிப்பைக் கொண்டால், அண்ணனின் வாதத்துக்கு நாமே இடம் கொடுத்தவர்களாகிறோம். ஆறுதல் தேவைப்படாத பார்வையாளர் அதை வெட்டிவிடலாம் என்று அவர் சொன்னால் மறுக்க வழியிருக்காது. என் எண்ணத்தில், அந்த முதல் ஒரு மணி நேரத்தை வெட்டினால் படத்தின் மையத்தில் இருக்கும் ரகசியமே மிஞ்சாது.

மது முட்டத்தின் திரைக்கதை அந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று நிதானமாகப் பாருங்கள். பேய் இருப்பதாகச் சொல்லப்படும் மாடம்பள்ளி வீட்டைக் கண்டு நடுங்குகிறவர்கள் எல்லோரும் நமக்குச் சிரிப்பூட்டுகிறவர்கள். இன்னசென்ட் நடித்த உண்ணித்தான், குதிரவட்டம் பப்பு நடித்த காட்டுப்பறம்பன், வீட்டுக்குப் பெரியவராக நெடுமுடி வேணு நடித்த தம்பி என்னும் பாத்திரம் என்று அத்தனை பேரும் தாயத்தையும் மந்திரவாதியையும் நம்பி வாழ்கிறவர்கள். அவர்களுக்கு நடுவே, கல்கத்தாவிலிருந்து கணவனோடு வந்து இறங்கிய கங்கா ஒருத்திதான் பயமே இல்லாதவள். படித்தவள், புத்தகம் வாசிக்கிறவள், பூட்டிக் கிடக்கும் தெக்கினி என்ற தெற்குப் பகுதியின் கதையை, அந்த வீட்டின் பழைய தலைவரால் கொல்லப்பட்ட நாகவல்லி என்ற நடனக்காரியின் கதையை, ஆர்வத்தோடு கேட்டுவிட்டு அதற்குச் சாவி செய்து திறக்கிறவள். உண்ணித்தானின் ஓட்டத்தைப் பார்த்து நாம் சிரிக்கும் ஒவ்வொரு முறையும், நம்மை அறியாமலே கங்காவின் பக்கத்தில் போய் அமர்ந்துகொள்கிறோம். நாமும் அவளைப் போலத் தெளிந்தவர்கள் என்ற நினைப்பு மெல்ல மெல்ல உறுதிப்படுகிறது.

ஆனால் நோய் இருப்பது அவளிடம், தன்னையே நாகவல்லியாக எண்ணும் மனநோய். தாயத்துக் கட்டிக்கொண்டு நடுங்கியவர்களுக்கு ஒன்றுமில்லை, அச்சமற்றவளாக நாம் நம்பிய பெண்ணின் உள்ளேதான் அந்த அறை இருந்திருக்கிறது. இந்த அதிர்ச்சிக்கு வேண்டிய அடித்தளம் முழுவதையும் போட்டது நகைச்சுவை. வேறு எந்த உத்தியாலும் கங்காவாக நடித்த ஷோபனாவின் முகத்தை நம் கண்முன்னே வைத்துக்கொண்டே நம் சந்தேகத்திலிருந்து அதை மறைத்திருக்க முடியாது. நம் சந்தேகமெல்லாம் செவ்வாய் தோஷத்தால் வாழ்க்கை கெட்டு வீட்டோடு இருக்கும் ஸ்ரீதேவியின்மேல் போய் விழுகிறது. அவள் சிரிப்பதில்லை, யாரையும் சிரிக்க வைப்பதுமில்லை. சிரிப்பு நிறைந்த வீட்டில் சிரிக்காத பெண்ணைக் குற்றவாளியாக எண்ணும் நம் பழக்கத்தை இயக்குநர் பாசில் மிகச் சரியாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.

மோகன்லாலின் டாக்டர் சன்னி அதற்குப் பிறகுதான் வருகிறார். அவர் வந்ததும் நகைச்சுவையின் வேலை மாறிவிடுகிறது. கங்காவையே அவர் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, இவன் நடத்தை சரியில்லாதவன் என்று வீட்டார் முணுமுணுக்கிறார்கள். நாமும் அதை ஒரு விளையாட்டுப் பேர்வழியின் சேட்டையாக எடுத்துக்கொண்டு ரசிக்கிறோம். மருத்துவர் நோயாளியைக் கவனிக்கும் பார்வை அது என்பது பின்னால்தான் விளங்குகிறது. ஒரு வீட்டுக்குள் சென்று, யாருக்கும் ஐயம் எழாமல், எல்லா அறைகளிலும் புழங்க வேண்டிய மருத்துவருக்குக் கோமாளி வேடத்தைவிடப் பாதுகாப்பான மறைவு இல்லை. ஆகவே இந்தப் படத்தில் சிரிப்பு இரண்டு பேரை மறைக்கிறது, முதலில் நோயாளியை, பிறகு மருத்துவரை.

இவ்வளவும் கட்டியெழுப்பிய பிறகு, வேண்டிய இடத்தில் சிரிப்பை அடியோடு நிறுத்தும் துணிவும் படத்துக்கு இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் அல்லிக்கு நகை வாங்கப் போக வேண்டும் என்று கங்கா கேட்க, அவள் கணவனாகச் சுரேஷ் கோபி நடித்த நகுலன் போக வேண்டாமென்று மறுக்கும் காட்சியை அண்ணனை மறுபடியும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அறையில் உண்ணித்தான் இல்லை, காட்டுப்பறம்பன் இல்லை, யாரும் வந்து நம்மைக் காப்பாற்றப் போவதில்லை. அவள் குரல் மாறுகிறது, விழிகள் மாறுகின்றன, கட்டிலைத் தூக்குகிறாள். கங்காவுக்குப் பாக்கியலட்சுமியும் அவளுக்குள் இருக்கும் நாகவல்லிக்குத் துர்காவும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஓர் உடலுக்கு இரண்டு குரல் என்ற அந்த முடிவு, ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த நடிப்போடு சேர்ந்துகொள்ளும்போது, ஒரு மணி நேரமாகச் சிரித்துப் பழகிய நம் உடல் திடீரெனக் குளிர்ந்துபோகிறது. தொடக்கத்திலிருந்தே இறுக்கமாகச் செல்லும் படத்தில் இந்த வீழ்ச்சி நிகழாது, ஏனென்றால் அங்கே விழுவதற்கு உயரம் இருக்காது.

உங்கள் மனைவியின் குறையை நான் தள்ளிவிட விரும்பவில்லை. பேயைப் பார்க்க வந்தவருக்கு மருத்துவ விளக்கம் தருவது ஏமாற்றம்தான். ஆனால் இந்தப் படம் அந்த விளக்கத்தை எவ்வளவு மரியாதையோடு தருகிறது என்பதைச் சொல்ல வேண்டும். திலகன் நடித்த மந்திரவாதி பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடு வந்ததும் சன்னியை விரட்டப்போகிறார் என்று வீடே காத்திருக்கிறது. அவரோ சன்னியை ஏற்கெனவே அறிந்தவர், மதிப்போடு தழுவிக்கொள்கிறார். மந்திரவாதியும் மருத்துவரும் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் சேர்ந்து நின்றுதான் அவளைக் குணப்படுத்துகிறார்கள். சுழலும் பலகையில் நகுலனை மறைத்துப் பொம்மையை வைத்து, நாகவல்லியின் பழிவாங்கலை நிறைவேற விட்டு, அதன் வழியாகக் கங்காவை மீட்கும் அந்த முறையை எந்த மருத்துவ நூலும் ஒப்புக்கொள்ளாது. சடங்கின் தர்க்கப்படி அது முழுமையானது. பேயை நம்புகிறவரும் நம்பாதவரும் ஒரே காட்சியைத் தத்தம் வழியில் ஏற்றுக்கொள்ள இடம் வைத்திருக்கிறார்கள்.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நடனக்காரி, அவள் பேசுவது தமிழ். மலையாளப் பார்வையாளர் தன் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து வேற்றுமொழி வருவதைக் கேட்டு உறைந்துபோகிறார். நமக்கோ அது நம் மொழி, அநீதி இழைக்கப்பட்ட நம் ஊர்ப் பெண் ஒருத்தியின் குரல். அச்சத்தைவிட இரக்கம் முந்திக்கொள்கிறது. இதை உணர்ந்துதான் தமிழில் சந்திரமுகியைத் தெலுங்கு பேச வைத்தார்கள், இந்தி மறுஆக்கமான 'பூல் புலையா'வில் மஞ்சுலிகாவை வங்காளம் பேச வைத்தார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டில் பயத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

'சந்திரமுகி' 2005 ஏப்ரல் 14 அன்று வெளியாகி, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கும் மேல் ஓடியது. அதன் இன்பங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அங்கே ரஜினிகாந்தின் சரவணன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறார், வந்தவுடன் நாம் பாதுகாப்பானவர்களாகிவிடுகிறோம். வடிவேலுவின் முருகேசன் பயத்துக்குப் பக்கத்தில் தனியாக ஓடும் ஒரு நகைச்சுவைத் தடத்தில் இருக்கிறார். அவரும் சரவணனும் அரண்மனைக்குள் செல்லும் காட்சியில்தான் இரண்டும் ஒன்று கலக்கின்றன, அதனால்தான் அந்தக் காட்சி இன்றும் வாழ்கிறது. பின்னால் வந்த 'முனி', 'அரண்மனை' வரிசைப் படங்களில் பேய் உண்மையான பேயாகிவிட்டது, சிரிப்பு இடைவேளை ஓய்வாகிவிட்டது. குடும்பத்தோடு சென்று கூச்சலிட்டுத் திரும்பும் அனுபவமாக அவை மக்களுக்குப் பிடித்திருக்கின்றன. கதையின் கட்டுமானத்தைத் தேடிப் போகும் விமர்சகர்களுக்குக் கசந்திருக்கின்றன. நீங்கள் கேட்ட முரண்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. இவ்வகைப் படங்களில் பெரும்பாலானவற்றில் சிரிப்பையும் திகிலையும் தனித்தனியே பிரித்து எடுத்துவிட முடிகிறது. பிரிக்க முடிவதால் ஒருவர் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைப் பழிக்கிறார்.

அண்ணனுடைய அதிருப்திக்கு ஒரே ஓரிடத்தில் நான் உடன்படுவேன், ஆனால் அது அவர் சுட்டிய முதல் ஒரு மணி நேரத்தில் இல்லை, முடிவில் இருக்கிறது. கங்காவுக்கு ஐயம் வராமலிருக்க, ஸ்ரீதேவிதான் நோயாளி என்று சன்னி வீட்டார்முன் அறிவித்து அவளை அடைத்து வைக்கச் செய்கிறார். ஏற்கெனவே ஜாதகத்தின் பெயரால் ஒதுக்கப்பட்டவள், இப்போது பைத்தியம் என்ற பெயரையும் சுமக்கிறாள். சன்னி அவளிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறார், அந்தக் காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் விடைபெறும் நேரத்தில் அவளை மணந்துகொள்ளும் விருப்பத்தை ஒரு புன்னகையோடும் குறும்போடும் சொல்லிவிட்டுச் செல்வதோடு படம் அவள் கணக்கைத் தீர்த்துவிடுகிறது. ஸ்ரீதேவியாக நடித்த வினயா பிரசாத்தின் முகத்தில் அவ்வளவு நேரம் தேங்கியிருந்த வலிக்கு, அவளே பேசும் ஒரு காட்சியாவது ஈடாக வேண்டியிருந்தது. இத்தனை கவனத்தோடு சிரிப்பைக் கையாண்ட படம், அவளிடம் மட்டும் அதைக் கொண்டு அவசரமாகக் கதவைச் சாத்தியது எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம் தருகிறது.

அன்புடன்.