ஏசிங்க் புரோகிராமிங் படிக்க அறுபதாயிரம் கட்டலாமா?

அண்ணா, ஆத்தூரிலிருந்து நீங்கள் கேட்டிருந்ததைப் படித்தேன். பாப்பா மூன்றாம் வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்டர்ன்ஷிப் இன்டர்வியூவில் "அவெய்ட் என்று எழுதினால் உள்ளே என்ன நடக்கும்?" என்று கேட்டார்கள், "புரோகிராம் வேகமாக ஓடும்" என்று சொல்லிவிட்டு வந்து அழுகிறாள், சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு சென்டரில் ஏசிங்க் புரோகிராமிங் படிக்க அறுபதாயிரம் கட்டிச் சேர்த்துவிடலாமா என்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஒரு வேலை பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் புரோகிராம் அடுத்த வேலையைப் பார்க்கும்படி எழுதுவதுதான் ஏசிங்க், அதில் காத்திருக்கும் இடத்தைக் குறிக்கும் சொல்தான் அவெய்ட். அவள் சொன்னது ஏன் தவறு என்பது சேகோ ஆலையில் வேலை பார்க்கும் உங்களுக்கே புரியும். ஜவ்வரிசி களத்தில் காயும்போது யாரும் பக்கத்திலேயே நிற்பதில்லை, அதே ஆள் போய் அடுத்த வேலையைப் பார்க்கிறார். அதனால் வெயில் சீக்கிரம் காயவைத்துவிடுவதில்லை, ஆள் சும்மா நிற்கும் நேரம்தான் மிச்சமாகிறது. அந்த ஒற்றை ஆள் மாதிரி, புரோகிராமில் அடுத்து எந்த வேலையை ஓட்டுவது என்று பார்த்துக்கொள்ளும் பகுதிதான் ஈவென்ட் லூப். பாதியில் நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடரக்கூடிய வேலைதான் கோரூட்டின். டேட்டாபேஸ் பதில் வரவேண்டும், வேறொரு சர்வர் பதில் சொல்லவேண்டும் என்று காத்திருக்கும் இடங்களில்தான் அவெய்ட் உதவும். போட்டோவைச் சுருக்குவது, பெரிய கணக்குப் போடுவது மாதிரி பிராசஸரே உழைக்கும் வேலையில் இதனால் லாபம் கிடையாது, லூப்பையே அடைத்துக்கொள்ளும், அதைத் தனி பிராசஸுக்குத் தள்ளவேண்டும்.

சரி, பாப்பா என்ன செய்யவேண்டும்? பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில் ஒரு ஏசிங்க் ஃபங்ஷன் எழுதி, உள்ளே டைம்.ஸ்லீப் என்று 2 நொடி நிறுத்தம் வைத்து, அதை மூன்று தடவை ஏசிங்க்ஐஓ.கேதர் மூலம் ஒன்றாக ஓட்டட்டும். 6 நொடி ஆகும். ஏசிங்க் என்று எழுதியும் ஏன் 6 என்று அவளே யோசிக்கட்டும், உடனே தேடிப் பார்க்கவேண்டாம். அப்புறம் அந்த ஒரு வரியை மட்டும் அவெய்ட் ஏசிங்க்ஐஓ.ஸ்லீப் என்று மாற்றினால் ஏறக்குறைய 2 நொடியில் மூன்றும் முடியும். முதலாவது ஸ்லீப் லூப்பையே நிறுத்தி வைக்கிறது, இரண்டாவது லூப்பிடம் கட்டுப்பாட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. இன்டர்வியூவில் அவர்கள் எதிர்பார்த்த பதில் இதுதான். அவள் தடுமாறியது புத்திக் குறைவால் அல்ல, ஓட்டிப் பார்க்காததால், தயவுசெய்து அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

ஏசிங்க், அவெய்ட் என்று எழுதும் இந்த முறை பைத்தானுக்கு 2015-ல், 3.5 பதிப்பில் வந்தது, ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்கு 2017-ல். ஒன்றில் புரிந்தால் மற்றதில் பழக அதிக நாள் ஆகாது. பைத்தானின் சொந்த ஆவணத்திலேயே எல்லாம் இலவசமாக இருக்கிறது, கல்லூரி லேப் கம்ப்யூட்டரே போதும். எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி), டேட்டா ஸ்ட்ரக்சர் (தகவலை ஒழுங்காக அடுக்கி வைக்கும் முறைகள்) இரண்டும் ஆட்டம் கண்டால் முதலில் அவற்றைச் சரிசெய்யட்டும், ஃப்ரெஷர் வேலைக்கு அவைதான் அதிகம் கேட்கப்படுகின்றன.

அதற்கப்புறமும் சென்டர் வேண்டும் என்று தோன்றினால் டெமோ வகுப்புக்குப் போய் இந்த 6 நொடி, 2 நொடி கேள்வியை ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டி விளக்குகிறாரா என்று பார்த்துவிட்டுப் பணத்தைப் பற்றிப் பேசுவோம்.