விண்கலம் வரைய எந்த மென்பொருள்?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஒரு விண்வெளி விளையாட்டுக்கு மோட் (விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கும் மாற்றங்கள்) செய்கிறோம். கலங்கள், கோள்கள், பின்னணி வானம், ஆயுத ஐகான்கள் என்று படம் சம்பந்தப்பட்டதெல்லாம் என் தலையில் விழுந்திருக்கிறது. போட்டோஷாப்புக்கு மாதாமாதம் சந்தா கட்ட முடியாது. இலவசமாகவோ, ஒரே ஒரு முறை பணம் கட்டினால் போதும் என்கிற மாதிரியோ எதை எடுக்கலாம்? ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். பேனா டேப்லெட்டும் கிடையாது, மவுஸ்தான்.

பதில்: மென்பொருள் பெயர்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்த விளையாட்டின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். அதில் இருக்கிற படங்கள் என்ன வகைக் கோப்பு, எத்தனை பிக்சல் அகலம், பின்புலம் ஒளிபுகும்படி இருக்கிறதா, ஒரே கலத்துக்கு எத்தனை படங்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கேயே இருக்கிறது. எண்ட்லெஸ் ஸ்கை, ஸ்டார்செக்டர் மாதிரி மேலிருந்து பார்க்கிற இருபரிமாண விளையாட்டு என்றால் பிஎன்ஜி போதும், அதை எந்த மென்பொருளும் எழுதும். ஸ்டெல்லாரிஸ், கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம், ஃப்ரீஸ்பேஸ் 2 பக்கம் போனால் டிடிஎஸ் என்ற கோப்பு வகை வந்துவிடும், அங்கேதான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

டிடிஎஸ் ஏன் என்றால், அதைக் கிராபிக்ஸ் கார்டு சுருக்கிய நிலையிலேயே நேரடியாகப் படிக்கும். 2048க்கு 2048 பிக்சல் உள்ள ஒரு டெக்ஸ்ச்சர் (உருவத்தின் மேல் ஒட்டும் படம்) சுருக்காமல் இருந்தால் கார்டின் நினைவகத்தில் 16 எம்பி எடுக்கும், டிஎக்ஸ்டி5 முறையில் சுருக்கினால் 4 எம்பி, ஆல்ஃபா (ஒளிபுகும் தன்மை) தேவைப்படாத படத்தை டிஎக்ஸ்டி1 ஆக்கினால் வெறும் 2 எம்பி. பிஎன்ஜி டிஸ்க்கில் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கார்டுக்குள் போகும்போது முழுசாக விரிந்துவிடும். ஒரு போரில் முப்பது கலங்கள் ஒன்றாக வந்து நிற்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதனால் முப்பரிமாண விளையாட்டு என்றால், உங்களிடம் இருக்கிற மென்பொருளில் ஒன்றாவது டிடிஎஸ் எழுதத் தெரிந்ததாக இருக்க வேண்டும். கிம்ப் எழுதும், பெயின்ட் டாட் நெட் எழுதும். பிந்தையது விண்டோஸில் மட்டும் ஓடும், கற்றுக்கொள்வது சுலபம். அதன் சொந்தத் தளத்தில் இலவசம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் விலைக்கு இருக்கிறது, அந்தப் பணம் அதை உருவாக்குகிறவருக்குப் போகிறது.

சரி, உங்கள் நிலைக்கு நான் சொல்வது படம் திருத்த கிம்ப்பும், முப்பரிமாண உருவம் செய்ய பிளெண்டரும். இரண்டுமே இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அதில் செய்த படம் முழுக்க உங்களுடையது. இருபரிமாண மோட் என்றாலும் பிளெண்டரை விட்டுவிடாதீர்கள், மவுஸ் மட்டும் வைத்திருக்கிறவருக்கு அதுதான் பெரிய துணை. விண்கலம் என்பது தகடு, குழாய், விளிம்பு என்று நேர்கோடுகளால் ஆன பொருள், அதை மவுஸால் தூரிகை பிடித்து வரைவது கொடுமை, ஆனால் மவுஸால் ஒரு கனசதுரத்தை இழுத்து, வெட்டி, நீட்டிக் கலமாக்குவது எளிது. மிரர் மாடிஃபையர் போட்டால் ஒரு பக்கத்தைச் செய்ததும் மறுபக்கம் தானாக வந்துவிடும். கேமராவை ஆர்த்தோகிராஃபிக் (தூரத்தால் அளவு மாறாத பார்வை) ஆக்கிக் கலத்துக்கு நேர் மேலே நிறுத்தி, ரெண்டர் அமைப்பில் ஃபிலிம் என்ற இடத்தில் டிரான்ஸ்பரன்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து ரெண்டர் செய்தால், பின்புலம் இல்லாத தட்டைப் படம், அதாவது ஸ்ப்ரைட், தயார். அதன் மேல் கீறல், கறை, கொடிச்சின்னம் எல்லாம் கிம்ப்பில் போட்டுக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு லாபம் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒளி அமைத்த ஒரே பிளெண்டர் கோப்பில் எல்லாக் கலங்களையும் ரெண்டர் செய்தால், இருபது கலங்களுக்கும் வெளிச்சம் ஒரே திசையிலிருந்து விழும். மோட் படங்களைப் பார்த்ததும் ஏதோ ஒட்டவில்லையே என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் காரணம் மென்பொருளோ கைத்திறனோ கிடையாது, ஒரு கலத்துக்கு இடமிருந்தும் அடுத்ததற்கு வலமிருந்தும் வெளிச்சம் அடிப்பதுதான். விளையாட்டின் மூலப் படங்களில் ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டரில் பிளெண்டரின் புதிய பதிப்பு ஓடாமல் போகலாம். பழைய பதிப்புகள் அதன் தளத்திலேயே கிடைக்கும், இந்த வேலைக்கு அவையும் போதும்.

மற்றவை தேவை வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஐகான், விளையாட்டில் வரும் அணிகளின் சின்னம் இதற்கெல்லாம் இங்க்ஸ்கேப், ஒரு முறை வரைந்துவிட்டு எந்த அளவிலும் பிஎன்ஜியாக எடுக்கலாம். கதாபாத்திர முகங்கள், கையால் தீட்டும் வானம் என்றால் கிரிட்டா அருமை, ஆனால் அதன் முழுச் சுவை பேனா டேப்லெட் வந்த பிறகுதான். கிரிட்டாவில் டபிள்யூ விசையை அழுத்தினால் படம் நாலு பக்கமும் தொடர்ச்சியாகத் தெரியும், கலத்தின் தகட்டுக்குத் தையல் தெரியாத டெக்ஸ்ச்சர் செய்ய இதைவிட வசதியான வழி எனக்குத் தெரியாது. யாராவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாக ஒரு மாதிரி கொடுத்தால் போட்டோபியா என்ற தளத்தில் பிரவுசரிலேயே திறக்கலாம். அஃபினிட்டி முன்பு ஒரே முறை பணம் கட்டி வாங்குவதாக இருந்தது, 2024இல் அதை உருவாக்கிய நிறுவனத்தை கேன்வா வாங்கியது, 2025 கடைசியில் இலவசமாக்கினார்கள், கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். போட்டோஷாப் கை பழகியவர்களுக்கு அது நல்ல மாற்று. பிக்சல் ஆர்ட் விளையாட்டு என்றால் மட்டும் ஏஸ்ப்ரைட்டுக்கு ஒரு முறை பணம் கொடுக்கலாம், தகும்.

கேள்வி: நெபுலா பின்னணி ஒன்று செய்தேன். வரையும்போது அழகாக இருக்கிறது, விளையாட்டுக்குள் போனால் பட்டை பட்டையாகத் தெரிகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு நிறச் சேனலுக்கு 8 பிட் என்றால் 256 படிகள்தான், நெபுலாவோ கிட்டத்தட்ட முழுவதும் இருட்டு, அந்த இருட்டுப் பகுதிக்கு மிஞ்சுவது சில படிகள் மட்டுமே. ஆயிரக்கணக்கான பிக்சல்களில் பரவுகிற மென்மையான சாயலை அந்தச் சில படிகளில் அடைத்தால் பட்டைதான் வரும். டிஎக்ஸ்டி1 இதை இன்னும் மோசமாக்கும், காரணம் அது படத்தை நாலுக்கு நாலு பிக்சல் கட்டங்களாக வெட்டி ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்களைச் சேமிக்கிறது, இடைப்பட்ட இரண்டை அதிலிருந்து கணக்கிட்டுக்கொள்கிறது. கலத்தின் கீறல் விழுந்த தகட்டில் இது கண்ணுக்குத் தெரியாது, வெறும் வானத்தில் தெரியும்.

கிம்ப்பிலோ கிரிட்டாவிலோ தொடக்கத்திலிருந்தே 16 பிட்டில் வேலை செய்யுங்கள். கடைசியில் 8 பிட்டுக்கு இறக்கும்போது கிம்ப்பில் டிதரிங் (நிறப் படிகளுக்கு இடையே புள்ளிகளைக் கலப்பது) வேண்டுமா என்று கேட்கும், அதைத் தேர்ந்தெடுங்கள், அதற்கு முன் மிக லேசாக நாய்ஸ் தூவினால் இன்னும் நல்லது. விளையாட்டு ஏற்றுக்கொண்டால் பின்னணிக்கு மட்டும் சுருக்காத கோப்பையோ பிசி7 என்ற தரமான சுருக்கு முறையையோ பயன்படுத்துங்கள், அங்கே நினைவகம் மிச்சம் பிடிக்க வேண்டாம். சுற்றிலும் தெரிகிற வானம் (ஸ்கைபாக்ஸ்) வேண்டுமென்றால் ஸ்பேஸ்ஸ்கேப் என்ற சின்ன இலவச மென்பொருள் விண்மீன்களையும் நெபுலாவையும் உருவாக்கி ஆறு முகங்களாகப் பிரித்தே கொடுத்துவிடும்.

கேள்வி: கலத்தின் ஓரம் முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடு வருகிறதே?

பதில்: ஒளிபுகும் பிக்சலுக்கும் ஒரு நிறம் உண்டு, கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். விளையாட்டு படத்தைச் சிறிதாக்கும்போது பக்கத்துப் பிக்சல்களைக் கலக்கும், அந்த நேரத்தில் மறைந்திருக்கும் வெள்ளை வெளியே வந்துவிடும். கலத்தின் நிறத்தையே ஓரத்துக்கு வெளியேயும் சில பிக்சல் தூரம் பரப்பி, அதன் மேல் லேயர் மாஸ்க் போட்டு மறைத்துவிட்டு, கிம்ப்பில் பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒளிபுகும் பிக்சல்களின் நிறத்தையும் சேமிக்கும் தேர்வை இயக்குங்கள். கோடு போய்விடும்.

கேள்வி: பிளெண்டரில் பேக் செய்த (உருவத்திலிருந்து படமாக எடுத்த) நார்மல் மேப்பை, அதாவது மேடு பள்ளம் காட்டும் படத்தை, விளையாட்டில் போட்டால் தகட்டின் பள்ளமெல்லாம் மேடாகத் தெரிகிறது.

பதில்: பச்சைச் சேனல் தலைகீழாக இருக்கிறது. பிளெண்டர் ஓபன்ஜிஎல் முறைப்படி எழுதும், உங்கள் விளையாட்டு டைரக்ட்எக்ஸ் முறையை எதிர்பார்க்கிறது. கிம்ப்பில் பச்சைச் சேனலை மட்டும் தேர்ந்தெடுத்து இன்வர்ட் செய்யுங்கள், அல்லது பேக் அமைப்பில் ஸ்விஸில் என்ற இடத்தில் ஜி எழுத்துக்கு நேராக மைனஸ் ஒய் வைத்து மறுபடி பேக் செய்யுங்கள்.

கேள்வி: கோள்களுக்கு நாசா படங்களை எடுத்துக்கொண்டால் பிரச்சினை வருமா?

பதில்: நாசாவே எடுத்து வெளியிடும் படங்களுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடையாது, தாராளமாக எடுக்கலாம். ஆனால் நாசாவின் சின்னத்தை உங்கள் கலத்தில் ஒட்டக் கூடாது, அதற்குத் தனி விதிகள் உண்டு. நாசாவின் தளத்திலேயே வேறொருவருக்கு உரிமையான படங்களும் இடையிடையே இருக்கும், ஒவ்வொரு படத்தின் கீழும் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹபிள் தளத்துப் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன, பெயர் குறிப்பிட்டே ஆக வேண்டும். நிலவு, செவ்வாய் போன்றவற்றின் வரைபடங்களில் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்காக உள்ளவற்றைத் தேடுங்கள், பிளெண்டரில் ஒரு உருண்டையின் மேல் அப்படியே சுற்றிக்கொள்ளும். புதுக் கோள் வேண்டுமென்றால் அதன் நிறத்தை மாற்றி, இரண்டு வரைபடங்களைக் கலந்து, மேகத்துக்குத் தனி லேயர் வையுங்கள். எந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று எடுத்த அன்றே மோட் ஃபோல்டரில் ஒரு ரீட்மீ கோப்பில் எழுதிவிடுங்கள், வெளியிடும் நாளில் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.