கடிபட்டவர் எல்லாரும் காட்டேரி ஆவதில்லை: கேள்வி பதில்

இரத்தக் காட்டேரிக் கதைகளில் மனிதர் மாறுவதும் அடிமையாவதும் எப்படி என்று சிங்கப்பூர் வாசகர்கள் கேட்டவற்றுக்கான பதில்கள்.

தெம்பனிஸ் வாசகி: ஒரே கடியில் ஒருவர் காட்டேரி ஆகிவிடுவாரா, ஐயா?

கணக்கு இடம் தராது, அம்மா. மாதம் ஒருவரைக் கடிக்கும் ஒரே ஒரு காட்டேரியில் தொடங்கி, கடிபட்டவரும் அவ்வாறே கடிப்பார் என்று வைத்துக்கொண்டால், 33 மாதங்களில் அவர்களின் எண்ணிக்கை 800 கோடியைக் கடந்துவிடும். அதன்பின் கதை சொல்ல மனிதர் மிஞ்சமாட்டார். ஆகவே எழுத்தாளர்கள் கடியோடு வேறொரு நிபந்தனையையும் சேர்க்கிறார்கள். ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா'வில் (1872) கடிபட்டவர் இறந்து, கல்லறைக்குள்தான் மாறுகிறார். ஆன் ரைஸின் 1976ஆம் ஆண்டு நாவலிலோ, இரத்தம் இழந்து சாகும் தறுவாயில் இருப்பவர் காட்டேரியின் இரத்தத்தைத் திரும்பக் குடிக்க வேண்டும்.

பிடோக் வாசகர்: 'டிராகுலா'வில் வரும் மினா அடிமையா, காட்டேரியா?

இரண்டுக்கும் நடுவில் தொங்குபவள். பிராம் ஸ்டோக்கரின் அந்த நாவலில் (1897) அவளுடைய தோழி லூசி பல இரவுகள் இரத்தம் இழந்து, இறந்து, எழுகிறாள். மினாவுக்கு நேர்வது அதைவிடக் கொடியது: காட்டேரியான டிராகுலா பிரபு தன் நகத்தால் தன் மார்பைக் கீறி, அவள் முகத்தை அதில் அழுத்திக் குடிக்கச் செய்கிறான். அவள் உயிரோடுதான் இருக்கிறாள். ஆயினும் அவன் மனத்தால் அழைத்தால் கடல்கடந்தும் வரவேண்டியவள் ஆகிவிடுகிறாள். அவளைக் காக்க நெற்றியில் வைத்த புனித அப்பமே அவளைச் சுட்டுத் தழும்பாக்குகிறது. ஆனால் அந்தப் பிணைப்பு அவனையும் காட்டிக்கொடுக்கிறது. காட்டேரியை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் அவளை விடியும் நேரத்தில் அறிதுயிலில் (ஹிப்னாடிசம்) ஆழ்த்தும்போது, அவன் ஒளிந்திருக்கும் கப்பலின் மேல்தளக் காலடிகளும் நங்கூரச் சங்கிலியின் ஓசையும் அவள் காதில் விழுகின்றன. பிரபு அழிந்ததும் தழும்பு மறைகிறது. அதற்குமுன் அவள் இறந்திருந்தால் லூசியின் கதிதான். அடிமைத்தனத்தை இருமுனைக் கயிறாக்கிய இந்த உத்தியைப் பின்வந்த பலர் வீணடித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஜூரோங் வாசகர்: கடிபடாமலே சேவகம் செய்பவர்கள்?

அவர்களை ஆசையே கட்டிப்போடுகிறது. 'டிராகுலா'வில் மனநல விடுதியில் இருக்கும் ரென்ஃபீல்ட் ஈக்களைச் சிலந்திக்கும், சிலந்திகளைக் குருவிக்கும் இரையாக்கி, பூனைக்குட்டி கேட்டுக் கெஞ்சுபவன். உயிர்களை விழுங்கத் துடிக்கும் அவனுக்குப் பிரபு உயிர்களையே வாக்களிக்கிறான். பின்னர் மினாவுக்காக அவன் எதிர்த்து நிற்கிறான், கொல்லப்படுகிறான். ஸ்டீபன் கிங்கின் 1975ஆம் ஆண்டு நாவலில் வரும் ஸ்ட்ரேக்கரோ நிதானமானவன். எசமானன் வருமுன் வீடு வாங்கிக் கடை திறப்பது அவன் வேலை.

தோ பாயோ வாசகி: நம் ஊர்ப் பொந்தியானாக் பேய்?

அது தொற்றுவதில்லை, பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணே அவ்வாறு ஆகிறாள் என்பது மலாய் மரபு. இங்கு அடிமையாவது பேய்தான்: பிடரியில் ஆணி அறைந்தால் அவள் அழகிய, அடங்கிய மனைவியாகிவிடுவாள், பிடுங்கினால் பழைய உருவம் திரும்பும். மரியா மெனாடோ நடித்து, இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கிய 'பொந்தியானாக்' திரைப்படம் 1957இல் இங்குதான் வெளிவந்தது.

பொங்கோல் மாணவர்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் நடக்கும் காட்டேரிக் கதை எழுதுகிறேன். சேவகன் கட்டாயம் வேண்டுமா, ஐயா?

ஸ்டோக்கரின் விதியைப் பின்பற்றினால் வேண்டும், தம்பி. புளோக்கின் கீழ்த்தளத்திலும் மின்தூக்கியிலும் காட்டேரி தாராளமாக நடமாடலாம். வாசலைத் தாண்ட மட்டும், முதல் தடவை, உள்ளே இருப்பவர் அழைக்க வேண்டும். அழைக்கப்போவது யார், அவருக்கு என்ன ஆசை காட்டப்பட்டது என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அறையை வாடகைக்கு எடுத்தவரும் போதும். பிரபுவை மனநல விடுதிக்குள் அழைத்த ரென்ஃபீல்டும் அங்கே தங்கியிருந்த நோயாளிதானே.